முன்னால் சாய், பின்னால் திருப்பு

பிப்ரவரி 4

உயர்திரு நிபுணர் அம்மையாருக்கு,

போனில் பேச மாட்டாய், தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினால் பதில் வரும் என்று சித்தி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூடப்பிறந்த தங்கையிடம் ஒரு சந்தேகம் கேட்க நான் மனு எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிறேன். காரியம் ஆக வேண்டுமே.

என் ஷெட்டில் உலோகத்தை வெட்டிச் செதுக்குகிற ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் ஒன்று இறக்கியிருக்கிறேன். நீ அங்கே வெளிநாட்டுத் தொழிற்சாலையில் கட்டி மேய்க்கிற ஜாதிதான், அளவில் சின்னது. இத்தனை வருஷம் நான் ஓட்டியது மூன்று அச்சு: இடம் வலம், முன் பின், மேல் கீழ். கட்டர் அந்த மூன்று வழியில் போகும், வேலை முடியும். இந்தப் புதியதில் மேசையும் சாய்கிறது, சாய்ந்தபடியே சுற்றவும் செய்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. மேசை நேராக இருக்கும்வரை கட்டர் சொன்ன இடத்தில் இறங்குகிறது. சாய்த்ததும் சம்பந்தமே இல்லாமல் பக்கத்தில் போய்க் கொத்துகிறது.

விற்ற கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி, துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "மேடம், மெஷின் பர்ஃபெக்டா இருக்கு, நீங்கதான் பழகணும்" என்றார். கண்ணாடியைத் துடைக்க எனக்கும் தெரியும்.

என்ன வேலை என்று கேட்பாய். பெரிய பம்புக்குள் சுழலும் சக்கரம். ஏழு இறக்கை, ஏழும் முறுக்கிக்கொண்டு நிற்கும். பம்பு கம்பெனிக்காரர்கள் அதற்கான உலோகக் கட்டியை அவர்களே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரே கட்டி. கெடுத்தால் வேறு இல்லை.

என் கொழுந்தனுக்கு என் ஷெட்டின் மேல் நீண்ட நாளாகக் கண். கிரில் கேட் செய்கிற அவர் தொழிலுக்கு இடம் போதவில்லையாம். மெஷின் வந்த அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "இந்த ஒரு வேலைய ஒழுங்கா முடிக்கலன்னா ஷெட்டு சாவிய உங்க கையில குடுத்துட்டு நான் வீட்ல உக்காந்துக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் உன் வாசலுக்கு வந்திருக்கிறேன். இல்லாவிட்டால் கூப்பிடுகிறேன் என்று போய்க் கூப்பிடாமல் இருந்த ஒருத்தியிடம் எனக்கு என்ன வேலை?

பெரியவள்

பிப்ரவரி 7

அக்கா,

மெஷின் வாங்கியவர்களுக்கு வாழ்த்துச் சொல்வது வழக்கம். எனக்கு வாய் வரவில்லை. நீச்சல் தெரியாதவள் நேராகக் கடலில் குதித்துவிட்டு, நடுவில் நின்று கரையிலிருப்பவளுக்குக் கடிதம் எழுதுகிறாய். அதில் மனு, அம்மையார் என்று கிண்டல் வேறு.

போனில் ஏன் பேச மாட்டேன் என்று உனக்கே தெரியும். உன் கல்யாணத்துக்கு முன் கடைசியாகப் பேசினேன், பாதியில் வைத்துவிட்டாய். எழுத்தில் அந்த வசதி இல்லை. முழுதும் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒன்று சொல். சாய்வது மேசையா, கட்டரைப் பிடித்திருக்கும் தலையா? மேசை என்றுதான் எழுதியிருக்கிறாய், ஆனால் நீ எழுதுவதை அப்படியே நம்பி எனக்குப் பழக்கமில்லை. இங்கே என்னிடம் இருப்பதில் தலைதான் சாயும், தலைதான் திரும்பும்.

மேசைதான் என்றால் உன் வியாதி இதுதான். மேசை ஒரு கோட்டைச் சுற்றிச் சாய்கிறது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். உன் டைக்காரர் அச்சடித்த தாளில் இருந்த எண்ணை அப்படியே தட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். மெஷினை லாரியில் ஏற்றி, இறக்கி, தரையில் உட்காரவைத்த பிறகு அந்த எண் செல்லாது. நீயே அளக்க வேண்டும். மேசையின் மேல் ஒரு எஃகுக் குண்டைப் பொருத்து. நேராக வைத்து அதன் நடுவை அளந்துகொள். சாய்த்து மறுபடி அள. சுற்றி மறுபடி அள. குண்டு எங்கிருந்து எங்கே போனது என்று தெரிந்தால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைக்கூட நீயே போடு என்று சொல்லலாம்தான், ஆனால் பாவம் அந்த மெஷின்.

அந்தக் கட்டியைத் தொடாதே. பிளாஸ்டிக் கட்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உலோகத்துக்குப் போக வேண்டும். எப்போதும். இதை மட்டும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டு.

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, நான் கூப்பிடாமல் போனேன் என்று. வரிசையில் நின்று கூட வருவதற்குத் தைரியமில்லாமல் வீட்டுக்கு ஓடியவளிடமிருந்து அந்த வரி வருவது நல்ல வேடிக்கை.

சின்னவள்

பிப்ரவரி 12

நிபுணருக்கு,

சாய்வது மேசைதான். என் கண் நன்றாக இருக்கிறது.

குண்டை வைத்து அளந்தேன். தாளில் இருந்த எண்ணுக்கும் உண்மைக்கும் ஒரு முடி கனத்துக்கு மேல் வித்தியாசம். எண்ணை மாற்றிப் பிளாஸ்டிக்கில் ஓட்டினேன். மேசை எப்படிச் சாய்ந்தாலும் கட்டர் புள்ளியை விட்டு நகரவில்லை. நீ சொன்னது சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு கசந்தது என்று உனக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவாய், அதனால் சொல்லவில்லை.

டைக்காரரை மறுபடி கூப்பிட்டு எண்ணைக் காட்டினேன். "அந்த அளவு வித்தியாசம் அலவன்ஸுக்குள்ளதான் மேடம்" என்றார். "உங்க டையையும் ஒரு முடி கனத்துக்கு இறுக்கிக் கட்டிப் பாருங்க, அலவன்ஸ் தெரியும்" என்றேன். அதன்பின் அவர் போனை எடுப்பதில்லை.

கொழுந்தன் தினமும் வருகிறார். வாசலில் நின்றபடி, மேசை சாய்ந்து திரும்புவதைப் பார்த்து, "அண்ணி, கழுத்த ஆட்டறது நல்லாத்தான் இருக்கு. வேலைய எப்ப ஆரம்பிக்கும்?" என்கிறார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமலும் இருக்க முடியாமல் இருமுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கஷ்டம் வந்தால் இருமல் வரும்.

ஓடியவள் என்று எழுதியிருக்கிறாய். நான் ஓடவில்லை. சொன்னபடி கேட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

சக்கரத்தின் வரைபடத்தை அனுப்பியிருக்கிறேன். முதல் இறக்கைக்குப் பக்கத்துப் பள்ளத்தைத் தோண்ட மேசையை எப்படி நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். வரும் வாரம் பம்பு கம்பெனி இன்ஜினியர் பார்க்க வருகிறார். இழுத்தடிக்காதே.

பெரியவள்

பிப்ரவரி 16

அக்கா,

வரைபடம் பார்த்தேன். இதை வரைந்தவருக்குக் கைநடுக்கம் இருக்கிறது, இருந்தாலும் புரிகிறது.

திரையில் இரண்டு கோணம் கேட்கும். சாய்வு முப்பது, திருப்பம் நாற்பது. முன்னால் சாய், பின்னால் திருப்பு. பிறகு கட்டரை இறக்கு.

இதற்கு மேல் விளக்கினால் சோற்றைப் பிசைந்து ஊட்டுவது போல ஆகிவிடும். உனக்கும் அது பிடிக்காது, எனக்கும் நேரமில்லை.

சின்னவள்

பிப்ரவரி 20

ஏய்,

உனக்கு இப்போது நிம்மதியா?

நீ எழுதியதை அப்படியே செய்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. கட்டர் இறங்கியது, பள்ளத்துக்குப் போகாமல் கட்டியின் தோளில் போய் விழுந்தது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்துவதற்குள் கட்டியில் ஒரு காயம். விரல் நுனி உள்ளே போகிறது. கட்டர் முறிந்துவிட்டது. அது போகட்டும், கட்டி?

நான் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. அழுதேன் என்று சித்தியிடமிருந்து கேள்விப்பட்டால் நம்பாதே.

பிளாஸ்டிக்கில் ஓட்டினாயா என்று கேட்பாய். ஓட்டவில்லை. எண் சரியான பிறகு பிளாஸ்டிக்கில் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, இன்ஜினியர் வருகிற நாள் நெருங்கிவிட்டது, சொன்னவள் பெரிய நிபுணர். மூன்றையும் நம்பினேன். மூன்றாவதை நம்பியதுதான் முட்டாள்தனம்.

சத்தம் கேட்டுக் கொழுந்தன் வந்தார். கட்டியைப் பார்த்தார். வெளியே போய் அளவு டேப்போடு திரும்பி வந்து, ஷெட்டின் நீளத்தை அளந்தார். டேப்பின் மறுமுனையை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு நின்றார், இருமியபடி.

இன்ஜினியரிடம் இரண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லவில்லை. நீ சொல். முப்பது முன்னால் சாய்த்தேன், என் பக்கமாக. நாற்பது பின்னால் திருப்பினேன், எதிர்ப்பக்கமாக. இதில் நான் செய்த தவறு என்ன? வேண்டுமென்றே எழுதினாயா?

பெரியவள்

பிப்ரவரி 21

அக்கா,

படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து எழுதுகிறேன். இல்லாவிட்டால் தாள் தாங்காது.

உன் பக்கமாகச் சாய்த்தாயா? எதிர்ப்பக்கமாகத் திருப்பினாயா? யார் உன்னை அப்படிச் செய்யச் சொன்னது? முன்னால் சாய் என்றால் முதலில் சாய். பின்னால் திருப்பு என்றால் அதற்கப்புறம் திருப்பு. நான் வரிசையைச் சொன்னேன். ஒரு புத்தகத்தைக் கையில் எடு. முன்புறமாகச் சாய்த்துவிட்டுப் பக்கவாட்டில் திருப்பு. இன்னொரு தரம் முதலில் திருப்பிவிட்டுச் சாய். ஒரே மாதிரி நிற்கிறதா? நிற்காது. அதனால்தான் எதை முதலில் கொடுப்பது என்று சொன்னேன். திசைக்கு உன் வரைபடத்திலேயே அம்புக்குறி இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் நான் மைனஸ் போட்டேனா?

அம்மா தினமும், "முன்னால குளி, பின்னால சாப்பிடு" என்பாளே. அப்போது வீட்டுக்கு முன்னால் போய்க் குளித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டாயா? நம் வீட்டில் முன்னால் என்றால் முதலில், பின்னால் என்றால் அப்புறம். வேறு அர்த்தம் என்றைக்கு இருந்தது? இத்தனை வயசுக்கு மேல் உனக்கு நான் தமிழும் சொல்லித்தர வேண்டுமா?

வேண்டுமென்றே எழுதினாயா என்று கேட்டிருக்கிறாய். உன்னைக் கவிழ்க்க எனக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. பதில் போடாமல் இருந்திருந்தாலே போதும்.

சரி. கட்டியைத் தூக்கிப் போடாதே. சக்கரம் அந்தக் கட்டிக்குள்தான் இருக்கிறது, அது எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. ஏழு இறக்கைக்கு நடுவில் ஏழு பள்ளம். பள்ளத்தில் இருக்கும் உலோகம் எப்படியும் வெட்டி எறியப்படுவதுதான். காயம் இறக்கையின் மேல் வந்தால் செத்தோம். இரண்டு இறக்கைக்கு நடுவில் வருமாறு சக்கரத்தையே கொஞ்சம் சுழற்றி வரைந்துகொண்டால், காயம் சீவலோடு சீவலாகப் போய்விடும். ஆழமும் அகலமும் இடமும் துல்லியமாக அளந்து அனுப்பு. சுமாராக, ஏறக்குறைய, விரல் நுனி என்றெல்லாம் எழுதாதே. உன் விரலை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

கொழுந்தனிடம் அளவு டேப்பை வாங்கி வைத்துக்கொள். ஷெட் இன்னும் உன்னுடையது.

சின்னவள்

பிப்ரவரி 23

சின்னவளுக்கு,

அளவுகளைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். ஆழம் நான் பயந்ததைவிடக் குறைவு. அகலம் ஒரு பள்ளத்தின் வாய்க்குள் அடங்கும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் காயம் நேராக இல்லை, சாய்வாகப் போயிருக்கிறது. அதையும் குறித்திருக்கிறேன்.

வேலை விஷயம் அவ்வளவுதான். இனி உன் தமிழ்ப் பாடம்.

நம் வீட்டில் பின்னால் என்றால் அப்புறம், வேறு அர்த்தமே கிடையாது என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்தும் உன்னுடையதுதான். நல்லது. இந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

விமான நிலையம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை, ஒரே நாள் பயணம். கவுன்டரில் இருந்த ஆள் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு கையெழுத்து குறைகிறது, ஓரமாக நில்லுங்கள் என்றார். உன் தாளில் முத்திரை குத்தியாகிவிட்டது. பின்னால் இருந்த கும்பல் உன்னைத் தள்ளிக்கொண்டு போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று நீ கத்தினாய்: "அக்கா, நான் முன்னால போறேன், நீ பின்னால வா."

நான் என்ன நினைத்திருப்பேன்? உன் அகராதிப்படியே சொல். நான் முதலில் போகிறேன், நீ அப்புறம் வா. கையெழுத்தெல்லாம் வாங்கிக்கொண்டு, நான் கூப்பிடும்போது வா. அப்படித்தானே? பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கையெழுத்தையும் மறுநாளே வாங்கிவிட்டேன். உன் கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து போவேன். அம்மா, "அவ கூப்பிடுவாடி, கொஞ்சம் பொறு" என்றாள். பிறகு அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒரு வரி இல்லை. நீ அங்கே போய்ப் பெரிய ஆளாகிவிட்டாய், அக்காவைக் கூட வைத்துக்கொள்ள வெட்கப்படுகிறாய் என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் நானும் சொன்னேன். பெண் பார்க்க வந்தார்கள், சரி என்றேன். கல்யாணத்துக்கு முன் நீ போன் செய்து எடுத்த எடுப்பில், "பயந்தாங்கொள்ளி" என்றாய். வைத்துவிட்டேன். வைக்காமல் என்ன செய்வது?

யார் ஓடியவள், சொல். அல்லது சொல்லாதே. கோணத்தை மட்டும் அனுப்பு.

பெரியவள்

பிப்ரவரி 26

அக்கா,

வேலையை முதலில் எழுதிவிடுகிறேன். சக்கரத்தைப் பிளஸ் பதினெட்டு டிகிரி சுழற்றி வை. காயத்தின் சாய்வையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன். பள்ளத்தின் நடுவில் விழும், இரண்டு பக்கமும் இறக்கைக்கு இடம் மிஞ்சும், அதிகம் மிஞ்சாது. இந்தத் தடவை பிளாஸ்டிக்கில் ஓட்டாமல் உலோகத்தைத் தொட்டால் என் முகத்தில் விழிக்காதே. இப்போதே விழிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

திசை என்றால் திசை என்று எழுதியிருக்கிறேன், வரிசை என்றால் வரிசை என்று எழுதியிருக்கிறேன். முன்னால், பின்னால் என்று இந்தக் கடிதத்தின் வேலைப் பகுதியில் எங்கும் இல்லை. சரிபார்த்துக்கொள்.

மற்றது.

நான் அன்றைக்குத் திசையைச் சொன்னேன்.

அடி மக்கு, நான் முன்னால் நடக்கிறேன், நீ என் பின்னாலேயே வா என்றேன். கையெழுத்துப் போடுகிற அதிகாரி பக்கத்து அறையிலேயே இருக்கிறார் என்று கவுன்டர் ஆள் எனக்குச் சொன்னார். உனக்கும் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷ வேலை. உள்ளே காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்தேன். கூட்டம் அதிகம். வந்து கேட்டவர்களிடமெல்லாம், "ஆள் வருது" என்றேன். கைக்குழந்தையோடு ஒருத்தி கேட்டாள், அவளிடமும் சொன்னேன். கடைசி அழைப்பு வந்து கூடம் காலியான பிறகும் பையை எடுக்கவில்லை. ஒரு சீருடைக்காரர் வந்து, "யாரம்மா வரணும்?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பயந்து திரும்பிவிட்டாய் என்று நினைத்தேன். எழுத வேண்டியவள் நீ என்று நினைத்தேன். விட்டுவிட்டுப் போனவள்தானே காரணம் சொல்ல வேண்டும்? கொஞ்ச மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தது. சரிதான், இதற்குத்தான் என்று முடிவு கட்டினேன். இங்கே அக்கா தங்கை இருக்கிறார்களா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் என்று போன கடிதத்தில் எழுதினேன். நான் எழுதியதிலேயே மடத்தனமான வரி அதுதான். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னாய். கிழித்துவிடு.

சின்னவள்

மார்ச் 3

உலகப் புகழ் பெற்ற நிபுணருக்கு,

பிளஸ் பதினெட்டாம்.

பிளாஸ்டிக் கட்டியில் காயம் இருந்த இடத்தைச் சிவப்பு மையால் வரைந்துவிட்டு ஓட்டினேன். சிவப்பு நேராக ஒரு இறக்கையின் நடு வயிற்றில் வந்து உட்கார்ந்தது. உன் பேச்சை நம்பி உலோகத்தைத் தொட்டிருந்தால் இந்நேரம் ஷெட்டில் கிரில் கேட் செய்துகொண்டிருப்பார்கள்.

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து யோசித்தேன். உன் இடத்தில் திரும்புவது தலை. என் இடத்தில் திரும்புவது மேசை. நீ வலப்பக்கம் போனாய் என்றால் எனக்கு அது இடப்பக்கம். உன் பிளஸ் எனக்கு மைனஸ். முதல் கடிதத்தில் மேசையா தலையா என்று விசாரணை வைத்தவள் நீ. என் எழுத்தை நம்பப் பழக்கமில்லை என்றவள் நீ. பதிலை நான் எழுதினேன், நீதான் மறந்தாய். மைனஸ் பதினெட்டு கொடுத்தேன். சிவப்பு பள்ளத்தின் நடுவில் விழுந்து, சீவலாகிப் போனது. இத்தனை வருஷம் பெரிய தொழிற்சாலையில் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருநாள் விளக்கமாக எழுது, படித்துச் சிரிக்க வேண்டும்.

நேற்று உலோகத்தில் ஓட்டினேன். முழுதும் பக்கத்திலேயே நின்றேன், கை சிவப்புப் பொத்தானின் மேல். மேசை சாய்ந்தது, திரும்பியது, கட்டர் இறக்கையின் முதுகைத் தடவிக்கொண்டே இறங்கியது. காயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி, கோடாகி, காணாமல் போனது. உனக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது, உடனே எரிச்சலும் வந்தது.

இன்ஜினியர் இன்று வந்தார். இறக்கை ஒவ்வொன்றையும் அளந்தார். மெதுவான மனிதர். கொழுந்தன் வாசலில் நின்றார், என் வீட்டுக்காரர் இருமினார். கடைசியில் இன்ஜினியர் நிமிர்ந்து, "அடுத்த கட்டிய எப்ப அனுப்பட்டும்?" என்று கேட்டார். நான் கொழுந்தனிடம் திரும்பி, "டேப் இருக்கா? கொஞ்சம் குடுங்க, புதுக் கட்டி வைக்க இடம் அளக்கணும்" என்றேன். கொடுத்தார். மறுமுனையையும் அவரையே பிடிக்கச் சொன்னேன்.

உன் கடிதத்தின் மற்ற பகுதி. கைக்குழந்தைக்காரியிடமும் ஆள் வருது என்று சொன்னாய் என்ற இடத்திலேயே நிற்கிறேன், தாண்ட முடியவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறோம், அந்தச் சொல்லுக்கு இரண்டு முனை இருந்திருக்கிறது. ஒருத்தியாவது எழுதிக் கேட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் திமிர். அதில் மட்டும் அக்கா தங்கை என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தாளைக் கிழிக்க மாட்டேன். நீ தவறாக எழுதியதற்கு இருக்கும் ஒரே சான்று அது. இப்போது பிளஸ் பதினெட்டும் சேர்ந்து இரண்டாகிவிட்டது.

பெரியவள்

மார்ச் 6

அக்கா,

பிளஸ், மைனஸ் விஷயத்தை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நீயும் சித்தியிடம் சொல்லாதே. சொல்லியிருப்பாய்.

நீ அனுப்பிய படத்தில் சக்கரத்தைப் பார்த்தேன். மூன்றாவது இறக்கையின் அடியில் கட்டர் நடந்த கோடு தெரிகிறது. வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, நிறையத் தேடினேன்.

லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். மெஷினைப் பார்க்க வருகிறேன். உன்னைப் பார்க்க வருவதாக நினைத்துவிடாதே. இரண்டும் ஒரே ஷெட்டில் இருப்பது என் தலையெழுத்து. குண்டை வைத்து நீ அளந்த லட்சணத்தை நேரில் சரிபார்க்க வேண்டும். அடுத்த கட்டியை நான் வரும்வரை தொடாதே.

ஷெட் எங்கே இருக்கிறது, எப்படி வருவது என்று எழுது. தெளிவாக எழுது. உன் எழுத்தைப் பற்றி எனக்கு இருக்கும் மரியாதை உனக்குத் தெரியும்.

சின்னவள்

மார்ச் 8

சின்னவளே,

பஸ் நிலையத்தில் இறங்கி, மரக்கடைச் சந்துக்குள் திரும்பினால் கடைசி ஷெட். வாசலில் கொழுந்தனின் கேட்டுகளை இறக்கி வைத்திருப்பார்கள், வழி அடைத்திருக்கும். அவரை எடுக்கச் சொன்னேன், எடுப்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதனால் வாசல் பக்கம் போகாதே, ஷெட்டுக்கு இன்னொரு கதவு இருக்கிறது.

மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டாவது ஸ்டூல் ஒன்று போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதில் உட்காரப் போனார். ஆள் வருது என்று சொன்னேன்.

நீ பின்னால வா. திசையைச் சொன்னேன். எப்போது என்று கேட்டால், உடனே.

அக்கா